வைரம் ஏறாத சந்தனம்

செவ்வாய், மார்ச் 12. அப்பாவைக் குளிப்பாட்டும்போது, “ஜூட், அந்த வாளியை இப்படித் தள்ளு” என்று சொல்லிவிட்டேன். தவறு என்னுடையதுதான். எமிலின் தன் நாட்குறிப்பில் முதலில் எழுதியது இவ்வளவுதான்.

அந்தப் பெயர் எமிலினின் வாயிலிருந்து விழுந்ததும், துணி பிழிந்துகொண்டிருந்த பெண்களின் கைகள் நின்றன. டோர்கஸ் அத்தை இறந்துபோன தம்பியின் காலைத் துடைத்தபடியே, தலை நிமிராமல் கேட்டாள்.

“யாரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டே?”

வாசலில் வாளியோடு நின்ற ஜூட் அத்தையின் மகன். எமிலினைவிட இரண்டு வயது இளையவன். வனுவா லாவா தீவில் அப்பாவின் சகோதரி பெற்ற மகனும் அப்பா முறைதான், பெயர் சொல்லக் கூடாது. ஆனாலும் அப்பா பேட்டசன் உயிரோடு இருந்தவரை இருவரும் பெயர் சொல்லியே சண்டை போட்டு வளர்ந்தார்கள், யாரும் கண்டுகொள்ளவில்லை. இன்று விடியற்காலையில் பேட்டசனின் மூச்சு நின்றதும் அந்த முறை நிஜமாகிவிட்டது.

“விடு டோர்கஸ்,” என்றாள் பக்கத்து வீட்டு ஹில்டா. “இவன் மூக்கு ஒழுகினப்போ பாவாடையால துடைச்சுவிட்டவ அவ. ஒரே நாள்ல அப்பான்னு சொல்லச் சொன்னா நாக்கு புரளுமா?”

யாரோ சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. அம்மா எமிலினின் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

“தப்பு பண்ண உனக்கு வேற நாள் கிடைக்கலையா? தோட்டம் அவங்க கையில இருக்குடி.”

எமிலினுக்குத் தெரியாததல்ல. மண் பெண் வழியில்தான் போகும். பேட்டசன் பாடுபட்ட நிலம் அவருடைய அக்கா பிள்ளைகளுக்கு. அதில் அவர் நட்ட மரங்களை, பன்றியும் பாயும் கொடுத்து அவர் பிள்ளைகள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தருவதும் மறுப்பதும் அக்கா வீட்டின் விருப்பம். அம்மாவிடம் இருந்தது ஒரே பன்றி. அதுவும் சாவுக்கு வந்தவர்களுக்காக அடுப்புக் குழிக்குள் வெந்துகொண்டிருந்தது.

சந்தனக் கன்றுகளை அப்பாவும் எமிலினும் சேர்ந்துதான் வைத்தார்கள். சந்தனம் தனியாகப் பிழைக்காது. பக்கத்துச் செடியின் வேரைப் பிடித்து உறிஞ்சித்தான் வளரும். அதனால் நடுநடுவே துவரையும் சவுக்கும். அவற்றின் அரை நிழலில் சேப்பங்கிழங்கு. மரம் முதிரும்வரை கிழங்கு வயிற்றைப் பார்த்துக்கொள்ளும், பிறகு மரம் நம்மைப் பார்த்துக்கொள்ளும் என்பார் அப்பா. கிழங்கு சொன்னபடி வந்தது. அந்த வீட்டில் இன்றுவரை உலை கொதித்தது அதனால்தான்.

பிற்பகலில் அடக்கம் முடிந்தது. குழியை மூடிய ஆண்கள் கை கழுவ ஓடைக்குப் போனபோது ஜூட் அவர்களோடு இல்லை. தோட்டத்துப் பக்கமிருந்து கத்தி விழும் சத்தம் கேட்டது. எமிலின் சத்தம் வந்த திசையில் நடந்தாள்.

இருப்பதிலேயே பருத்த சந்தனத்தின் அடியில் அவன் குந்தியிருந்தான். உள்ளங்கை அகலத்துக்குப் பட்டையோடு கொத்தி எடுத்திருந்தான். உள்ளே சுண்ணாம்புபோல் வெளுப்பாக இருந்தது.

“வைரமே ஏறலையே,” என்றான்.

“எப்படி ஏறும்? இன்னும் ஏழெட்டு வருஷம் நிக்கணும்.”

“சோலா துறைக்கு வர்ற கப்பல்காரன் இப்படி வெளுப்பா இருந்தாலும் எடுத்துக்கறானாம்.”

“விறகு விலைக்கு எடுத்துப்பான்.”

“எடுக்கட்டுமே. புயல்ல கூரை போனதிலேர்ந்து தார்ப்பாய்க்கு அடியில படுக்கறோம். அம்மா ராத்திரி முழுக்க இருமுது. இது முதிர்ற வரைக்கும் அது இருக்கணுமே.”

எமிலின் கீழே கிடந்த சிம்பு ஒன்றை எடுத்து முகர்ந்தாள். வெறும் பச்சை மர வாசனைதான்.

பசி என்று வந்து நிற்கும் பிள்ளையை விரட்டுகிற தகப்பன் ஆண்கள் கூடும் இடத்தில் போய் உட்கார முடியாது. அதுவும் முறைதான். வரும் வழியெல்லாம் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். அப்போது சுலபமாக வந்தது.

“அப்பா,” என்றாள், அவன் பாதங்களைப் பார்த்து.

மறுபடி ஓங்கிய கத்தி நின்றது.

“அப்பா, பசிக்குது. இந்தத் தோட்டத்தை விட்டா எனக்கும் அம்மாவுக்கும் வேற சாப்பாடு இல்ல.”

ஜூட் கல்லறை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான். “இப்படிக் கேக்காதே எமிலின்.”

“வேற எப்படிக் கேக்கறதுன்னு சொல்லு.”

அவன் எழுந்து ஓடைப் பக்கம் போனான். திரும்பி வந்தபோது கையில் தடைக்குக் கட்டும் நமெலே ஓலை ஒன்று இருந்தது. கொத்திய மரத்தில் அதைச் சுற்றி முடிச்சுப் போட்டான். ஓலை கட்டிய இடத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள், கட்டியவனும்கூட.

“நூறாம் நாள் விருந்து முடியட்டும். அதுவரைக்கும் இதை வெட்ட மாட்டேன். அம்மா கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். விருந்துக்கு அப்புறம் எப்படியோ, தெரியாது.”

எமிலின், இரவுக்கு அம்மாவுக்கு ஏதாவது வேண்டுமே என்று குனிந்து ஒரு சேம்பின் தண்டைப் பிடித்து அசைத்தாள். வேர் இளகியது.

“அதையும் விடு,” என்றான் ஜூட்.

“கிழங்கையா?”

“ஓலை கட்டினா தோட்டம் முழுக்கத்தான். மரத்துக்கு மட்டும்னு எப்படிக் கட்டறது? எல்லாத்தையும் கலந்து நட்டது நீங்கதானே.”

“மழைக்காலம். கொடி ஏறி மரத்தை அமுக்கிடும். களையாவது எடுக்க விடு.”

“கால் வைக்கக் கூடாதுன்னா வைக்கக் கூடாதுதான்.” கத்தியைத் துவரை இலையில் துடைத்தான். கொஞ்சம் தள்ளிப் போய் நின்று, “எங்க மரத்துல ஈரப்பலா கிடக்கு. நாளைக்குக் கொடுத்து விடறேன்,” என்றான்.

இளகிய சேம்பைச் சுற்றி மண்ணைத் தள்ளி, காலால் அழுத்தினாள் எமிலின். அது நிமிராமல் ஒரு பக்கமாகவே சாய்ந்து நின்றது.

இருட்டுமுன் அன்றைய பக்கத்தில் இன்னும் கொஞ்சம் எழுதினாள்.

நாளை: மேட்டில் அம்மா வழி நிலத்தில் புல் வெட்ட வேண்டும். ரொம்ப நாளாக யாரும் போகாத இடம், அதனால் பெரிய கத்தி. நடுவதற்குச் சேம்புத் தலை நம்மிடம் இல்லை. ஹில்டாவிடம் கேட்க வேண்டும்.