முப்பது நாள் கெடு

அவருக்குக் கூரைக்காரர் என்றுதான் பெயர். பழைய வீடு வாங்குகிறவர்களும் காப்பீட்டுக் கம்பெனிக்காரர்களும் அழைத்தால் ஏணியோடு போவார். மேலே ஏறி, உடைந்த ஓடு எத்தனை, புகைபோக்கியைச் சுற்றிய தகரம் எங்கே பிரிந்திருக்கிறது, மழைத் தண்ணீர் எந்த மூலையில் தேங்குகிறது என்று பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு இறங்குவார். படங்களைச் சேர்த்து அறிக்கை தட்டுவது மனைவியின் வேலை. உதவியாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டதிலிருந்து ஏணிக்காலைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்பதும் அவள் வேலையாகிவிட்டது. அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. வலது முழங்காலில் அறுவைச் சிகிச்சை ஆகி ஒரு வருடம். இனிமேல் ஏறவே கூடாது என்று டாக்டர் சொன்னபோது நன்றாகத் தலையாட்டினார். தலையாட்ட முழங்கால் தேவையில்லை.

ஒரு ட்ரோன் இருந்தால் தரையில் நின்றபடியே வேலை முடிந்துவிடும். இது அவருக்குத் தெரியாததல்ல, தெரிந்து மூன்று வருடமாகிறது. முதல் வருடம், புது மாடல் வரப்போகிறது, வந்தால் பழசின் விலை இறங்கும் என்று காத்திருந்தார். புதுசு வந்தது, பழசும் இறங்கியது. ஆனால் புதுசைப் பார்த்த கண்ணுக்குப் பழசு பிடிக்கவில்லை. சரி, புதுசே இறங்கட்டும் என்று இரண்டாம் வருடம் போயிற்று. அதற்குள் அதற்கடுத்தது வரப்போவதாகப் பேச்சு கிளம்பியது. இலவு காத்த கிளியாவது ஒரே மரத்தில் உட்கார்ந்து காத்தது, இவர் மரம் மாற்றி மாற்றிக் காத்தார். விலை இறங்கினால் கூவச் சொல்லி ஃபோனில் ஏற்பாடு வேறு. கேட்டால், "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்பார்.

கஞ்சர் என்று நினைத்துவிடக் கூடாது. ஒருமுறை ஆசைப்பட்டு ஒரு கேமரா வாங்கினார், மறுவாரமே அதன் விலை பாதியாயிற்று. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகுமா? அதன் பிறகு வீட்டுக்கு வந்த எந்தப் பொருளும் அவர் கையிலிருந்து தப்பியதில்லை. அவள் ஒரு வாஷிங் மெஷின் வாங்கியபோது, இரண்டாம் நாளே அதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, நாலு மாதம் கழித்து அதே மெஷினைக் குறைந்த விலைக்கு வெற்றியோடு கொண்டுவந்து இறக்கினார். அந்த நாலு மாதமும் கையால் துவைத்தது யார் என்பது அவர் கணக்கில் வரவில்லை.

அதனால்தான் அவள் தன் தம்பியிடம் போனாள். அவன் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் விற்பனையாளன்.

"நீயே வாங்கிடுக்கா. மாமாவைக் கேட்டா இந்த ஜென்மத்துல நடக்காது."

"வாங்கிட்டுப் போனா மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து வச்சிடுவாருடா."

"முப்பது நாள் வரைக்கும்தான் திருப்பலாம். பறக்கவிட்டுப் பார்த்துட்டுக்கூடத் திருப்பலாம். ஆனா முப்பது நாள் தாண்டிட்டா ஆண்டவனே வந்து கேட்டாலும் நாங்க வாங்க மாட்டோம். அதுவரைக்கும் மறைச்சு வை."

தன் சேமிப்பிலிருந்து முழு விலையையும் பேரம் பேசாமல் கட்டினாள். மூன்று நாள் கழித்து, அவர் கம்பெனிக்கு அறிக்கை கொடுக்கப் போயிருந்த நேரத்தில் பெட்டி வந்தது. தன் அலமாரியில் கம்பளிகளுக்கு நடுவே திணித்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற காரியம்தான். ஆனால் பெண்டாட்டி அலமாரியைத் திறந்து பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லாததால் ஓடியது.

முப்பது வருடம் ஏறியவர், இன்னும் முப்பது நாள் ஏறினால் என்ன என்றுதான் நினைத்திருந்தாள். முதல் வாரத்திலேயே அது தப்பு என்று தெரிந்துவிட்டது. முன்பெல்லாம் அவர் விழுந்தால் அது அவருடைய பிடிவாதம், இல்லாவிட்டால் தலைவிதி. இப்போது விழுந்தால் அது அவள் செய்தது. ஏணிக்காலை இரண்டு கையாலும் பிடித்தாள். ஒவ்வொரு கூரையிலிருந்தும் அவர் இறங்கித் தரையில் கால் வைத்த பிறகுதான் மூச்சு வந்தது.

பதினைந்தாம் நாள் ஒரு மாடி வீடு. முதல் நாள் பெய்த மழையில் ஓடெல்லாம் பாசி. அவர் சரிவில் குந்தி உட்கார்ந்து படம் எடுத்துவிட்டு எழுந்தபோது முழங்கால் மடங்கியது. விளிம்பு வரை சறுக்கிக்கொண்டே வந்தார். அங்கே மழைத்தண்ணீர் வடியும் குழாயின் ஓரத்தில் குதிகால் மாட்டி நின்றது. ஓர் ஓடு மட்டும் கீழே வந்து அவள் பக்கத்தில் விழுந்து நொறுங்கியது. அவள் ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் ஏணியிலேயே இல்லை என்பது சற்றுப் பிறகுதான் உறைத்தது.

"யானைக்கும் அடி சறுக்கும்" என்று சிரித்துக்கொண்டே இறங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் நேரே அலமாரிக்குப் போனாள். போதும், சொல்லிவிடலாம் என்று பெட்டியைப் பாதி வெளியே இழுத்துவிட்டாள். கூடத்திலிருந்து குரல் வந்தது.

"விலை இன்னும் இறங்கல. அடுத்த மாசம் பாரு, எப்படி இறங்குதுன்னு!"

பெட்டியைத் திரும்ப உள்ளே தள்ளினாள்.

முப்பத்தொன்றாம் நாள் காலை அவள் அலமாரியைத் திறப்பதற்குள் அவருடைய ஃபோன் கூவியது. செருப்பைக்கூடப் போடாமல் ஓடி வந்தார்.

"இறங்கிடுச்சு! அஞ்சுல ஒரு பங்கு இறங்கிடுச்சு! நான் சொன்னேன் இல்ல? இன்னைக்கே ஆர்டர் போட்டுடறேன். கூட்டம் அதிகமாம், வந்து சேர ரெண்டு வாரம் ஆகுமாம். ஆகட்டும்."

அவள் பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அவர் பெட்டியைப் பார்க்குமுன் பில்லை எடுத்துப் பார்த்தார். பொடி எழுத்துகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"முப்பது நாள் கணக்கு, பொருள் கைக்கு வந்த நாள்லருந்து. நீ பணம் கட்டின நாள்லருந்து எண்ணியிருக்கே. இன்னைக்கும் சேர்த்து இன்னும் மூணு நாள் இருக்கு."

சொல்லும்போதே கார் சாவியை எடுத்துவிட்டார். பெட்டியையும் தூக்கினார். வாசல் வரை போனவர் அங்கேயே நின்றார்.

"அன்னைக்கு நான் சறுக்கினேனே. அப்பவும் இது உள்ளதான் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"விழுந்திருந்தா?"

"விழுந்திருந்தா நானே பிடிச்சுத் தள்ளிவிட்ட மாதிரிதான். பதினாறு நாளா எனக்கு வேற நினைப்பே இல்லீங்க." அன்று வராத அழுகை இப்போது வந்தது. அவள் அடக்கப் பார்க்கவில்லை.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

நாலு ஓடு உடைந்திருந்தால் மூன்று என்று எழுதத் தெரியாத மனிதர் அவர். வீட்டுக்காரர்கள் கெஞ்சியும் எழுதியதில்லை.

"திருப்பித்தான் கொடுத்திருப்பேன்."

சொன்ன பிறகு அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. பெட்டியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"மறுபடியும் ஒளிச்சு வை. நாலாம் நாள் எடு."

"எதுக்கு? இன்னைக்கே பறக்கவிடலாமே."

"இன்னைக்குப் பறக்கவிட்டு வேலையை முடிச்சுட்டு, நாளன்னைக்குத் திருப்பிக் கொடுத்துடுவேன். என்னை எனக்குத் தெரியும். இந்தத் தடவை வேற இடத்துல வை. எங்கேன்னு எங்கிட்ட சொல்லாதே."

அவள் பெட்டியோடு உள்ளே போனாள். அவர் அந்தப் பக்கம் திரும்பாமல், அன்று ஏற வேண்டிய கூரையின் வீட்டுக்காரரை ஃபோனில் கூப்பிட்டார்.

"கூரைக்காரர் பேசறேங்க. இன்னைக்கு வர முடியாது, நாலு நாள் ஆகும். இல்லைங்க, உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல. எங்க வீட்ல ஏறக்கூடாதுன்னுட்டாங்க."