கல் நிறப் பூட்ஸ்

ஹல்வார் கடைக்குப் போனது மாலையில். மாலையில்தான் பாதம் சற்று வீங்கியிருக்கும், சரியான அளவு தெரியும் என்று படித்திருந்தான். மலையில் போடப்போகும் தடித்த கம்பளிக் காலுறையையும் கையோடு எடுத்துப் போயிருந்தான். கடைப்பெண் வாயைத் திறப்பதற்குள், தன் இடது பாதம் வலதைவிடக் கொஞ்சம் நீளம் என்பதையும் அதற்கான காரணத்தையும் சொல்லி முடித்துவிட்டான். பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துபவன். கேட்காதவர்களுக்கும் விளக்குவது தொழிலோடு வந்த வியாதி.

கடையின் மூலையில், கற்கள் பதித்த ஒரு சரிவுப் பலகை இருந்தது. அதில் ஏறினால் குதிகால் எழும்பக் கூடாது. இறங்கினால் விரல்நுனி முன்னால் இடிக்கக் கூடாது. அடிப்பகுதி கூரான கல்லைத் தாங்க வேண்டும், ஆனால் நடக்கும்போது வளையவும் வேண்டும். கணுக்காலைப் பிடிக்க வேண்டும், நெரிக்கக் கூடாது. கடையில் இருந்த பெட்டிகள் அத்தனையும் திறந்து கிடந்தன. மற்ற வாடிக்கையாளர்கள் சரிவுப் பலகையின் மேலிருந்த ஆசையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

கடைசியில் ஒன்று சிக்கியது. கால் அதற்குள் போனதும் பெருமூச்சு விட்டது.

"இதே மாடல்ல ஆரஞ்சுப் பட்டி வச்சதும் இருக்கு சார், காட்டவா?" என்றாள் கடைப்பெண்.

"நான் வேட்டைக்குப் போறேம்மா. கல்யாணத்துக்கு இல்ல."

கல் நிறத்தையே வாங்கினான். சாம்பலில் கொஞ்சம் பச்சை, ஆங்காங்கே பாசி படிந்ததுபோலப் புள்ளிகள். மலையோடு மலையாகக் கலந்துவிடும் என்று பெட்டியில் அச்சடித்திருந்தது. அந்த நிறுவனம் சொன்ன சொல் தவறவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

அவன் மனைவி இங்வில்ட் பிப்ரவரியில் இறந்துபோனாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. காலையில் காப்பி குடித்தாள், மதியம் அவள் இல்லை. வேட்டைக்காரி அவள். ஒவ்வொரு வருடமும் கோடை முடியும்போது அண்ணன் ஸ்வைனுங்கோடும் பெரியப்பா மகள் தூர்தீஸோடும் ஒரு வாரம் மேட்டுநிலத்துக்குப் பனிமான் வேட்டைக்குப் போவாள். ஹல்வாரையும் கூப்பிடுவாள். அவனுக்கு உரிமம் இருந்தது. வருடாவருடம் சுடும் தேர்விலும் தேறிக்கொண்டிருந்தான். மேலே மட்டும் போனதில்லை. "எனக்குச் சரியான பூட்ஸ் இல்லையே" என்பான். இப்போது பூட்ஸ் இருந்தது.

அந்த ஒரு வாரம் அவள் எங்கே இருந்தாள் என்று பார்க்க வேண்டும். அவனுக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை. வேட்டைக் குழுவில் அவளுடைய இடம் காலியாக இருந்தது. பக்கத்துப் பண்ணை ஓத்மார் அதற்குத் துண்டு போட்டு வைத்திருந்தான்.

"ஓத்மார் கேட்டுக்கிட்டே இருக்கான் மாப்ளே," என்றான் ஸ்வைனுங் போனில். "ஆனா முதல் உரிமை உனக்குத்தான். இந்த வருஷம் வா. உன் பங்குக் கறியை உன் முதுகுல சுமந்து குடிசைக்குக் கொண்டுவந்துட்டா இடம் உன்னோடது. இல்லேன்னா அவனுக்குக் கொடுத்துருவேன். வருத்தப்படக் கூடாது."

புதுப் பூட்ஸை மலையில் முதன்முதலாகப் போடக் கூடாது, காலோடு பழக்க வேண்டும். ஹல்வார் பழக்கினான். வீட்டுக்குள் போட்டான். வகுப்புக்குப் போட்டான். முதுகில் மாவு மூட்டையைக் கட்டிக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்கினான். தண்ணீர் புகுகிறதா என்று பார்க்கக் குளியல்தொட்டியை நிரப்பி, பூட்ஸோடு அதில் நின்றபடி விடைத்தாள் திருத்தினான். கொப்புளம் ஒன்றும் வரவில்லை. ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை. அவன் வாழ்க்கையில் அந்த வருடம் சரியாக நடந்த காரியம் அது ஒன்றுதான்.

குடிசைக்குப் போய்ச் சேர்ந்த மாலை, அடுப்புக்கு மேலே உத்திரத்தில் மூன்று பெரிய ஆணிகளைப் பார்த்தான். ஸ்வைனுங் தன் பூட்ஸை ஒன்றில் தொங்கவிட்டான். தூர்தீஸ் இன்னொன்றில். மூன்றாவதில் பழைய சிவப்பு லேஸ் ஒன்று மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. ஹல்வார் தன் பூட்ஸை அங்கே கொண்டுபோனான்.

"கைய எடு," என்றான் ஸ்வைனுங். "அது இங்வில்ட் ஆணி. கறி கொண்டுவந்தவங்க பூட்ஸுக்குத்தான் ஆணி. உன்னோடது தரையில நிக்கட்டும்."

"நிக்கட்டும் நிக்கட்டும். பெட்டியிலேர்ந்து இப்பத்தான் இறங்கியிருக்கு, களைப்பா இருக்கும்," என்றாள் தூர்தீஸ்.

சிவப்பு லேஸ் அவனுக்குத் தெரிந்ததுதான். இங்வில்டின் பூட்ஸில் எப்போதும் சிவப்பு லேஸ். "யாருக்கு இந்த அலங்காரம்? மானுக்கா?" என்று அவன் கேலி செய்வான். "அழகா இருக்குல்ல?" என்பாள். அதோடு பேச்சை மாற்றிவிடுவாள்.

மறுநாள் காற்றே இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை கல், பாசி, தண்ணீர்க்குட்டை, மறுபடியும் கல். ஒரு மேட்டில் குப்புறப் படுத்து ஸ்வைனுங் பைனாகுலரில் பார்த்தான். கீழே, கோடையிலும் கரையாத ஒரு பனித்திட்டின் மேல் மந்தை ஒன்று ஈக்களுக்குப் பயந்து படுத்திருந்தது. நடுவில் பாறைக்காடு.

"போ மாப்ளே. உன் முறை," என்று கிசுகிசுத்தான்.

ஹல்வார் எழுந்து ஓர் அடி வைத்தான். கிறீச்.

இன்னோர் அடி. கிறீச். பூட்ஸின் நாக்கும் மேல்தோலும் உரசும் சத்தம். வகுப்பறை இரைச்சலிலும் குளியல்தொட்டியிலும் கேட்காதது இந்த அமைதியில் மாதாகோவில் கதவைத் திறப்பதுபோலக் கேட்டது. பனித்திட்டின் ஓரத்தில் ஒரு பெட்டை மான் தலையைத் தூக்கியது.

"உன் பூட்ஸ் பேசுது வாத்தியாரே," என்றாள் தூர்தீஸ் பல்லைக் கடித்துக்கொண்டு. "வாய மூடச் சொல்லு."

ஹல்வார் யோசித்தான். உட்கார்ந்தான். லேஸை அவிழ்த்து, இரண்டு பூட்ஸையும் கழற்றி, சாய்ந்து நின்ற ஒரு சாம்பல் கல்லின் அடியில் அருகருகே வைத்தான். கல்லை நன்றாகப் பார்த்து மனதில் பதித்துக்கொண்டான். மேல்புறம் தட்டை, இடது பக்கம் வரைபடம்போலப் பச்சைப் பாசி. அறிவியல் வாத்தியார் அல்லவா, அடையாளம் குறிக்காமல் போவானா?

காலுறையோடு ஊர்ந்தான். முழங்கால், வயிறு, முழங்கை. ஈரம் உள்ளே ஏறியது. கடைப்பெண்ணின் சரிவுப் பலகையில் இதற்கு ஏற்பாடு இல்லை. நெடுநேரம் கழித்து ஒரு கல்மேல் துப்பாக்கியைச் சாய்த்தான். இளம் ஆண் மான் ஒன்று எழுந்து பக்கவாட்டில் நின்றது. மூச்சைப் பாதி விட்டு நிறுத்திச் சுட்டான். மான் நாலு எட்டு ஓடி விழுந்தது. மந்தை கடகடவென்று கல்மேல் இறங்கி மறைந்தது.

சந்தோஷம் வரும் என்று கொஞ்சம் காத்திருந்தான். வரவில்லை. கால் குளிர்ந்தது.

மூவரும் சேர்ந்து தோலுரித்து, கறியை மூன்று சுமையாகக் கட்டினார்கள். அதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. ஹல்வார் பூட்ஸை எடுக்கப் போனான்.

சாய்ந்த சாம்பல் கல் இருந்தது. மேல்புறம் தட்டை. இடது பக்கம் வரைபடம்போலப் பாசி. அடியில் ஒன்றுமில்லை. பக்கத்தில் இன்னொரு சாய்ந்த சாம்பல் கல். அதற்கும் மேல்புறம் தட்டை. அதன் மேலும் வரைபடம். அந்த மலை முழுக்க யாரோ உட்கார்ந்து வரைபடம் வரைந்திருந்தார்கள்.

"என்ன கலர் வாத்தியாரே?" என்று கத்தினாள் தூர்தீஸ் பனிக்குள்ளிருந்து.

"கல் கலர்."

"எந்தக் கல்லு?"

மூன்று பேரும் குனிந்து, கையால் தடவித் தேடினார்கள். பூட்ஸ் என்று நினைத்து ஸ்வைனுங் இரண்டு கல்லை எடுத்தான். கடைசியில் ஒரு பாறைமேல் உட்கார்ந்தான். தோள் குலுங்கியது. அழுகிறான் என்று ஹல்வார் நினைத்தான். சிரித்துக்கொண்டிருந்தான்.

"தூர்தீஸ், சொல்லிரலாமா?"

"சொல்லு. இனிமே யாரு கோவிச்சுக்கப் போறா?"

"மாப்ளே, கல்யாணமான வருஷம் அவளுக்கு பூட்ஸ் வாங்கிக் கொடுத்தியே, ஞாபகம் இருக்கா? நீயே தேடிப் புடிச்சு, மண்ணு கலர்ல?"

"இருக்கு. சோல் பிஞ்சு போச்சு. முதல் வேட்டையிலேயே."

"சோலும் பியல, ஒண்ணும் பியல. இதோ இந்த மாதிரி கழட்டி வச்சுட்டு ஊர்ந்து போனா. திரும்பி வந்தா காணோம். அரை நாள் தேடினோம். என் கையுறையைக் காலுல மாட்டிக்கிட்டுத்தான் குடிசைக்கு நடந்து வந்தா. உன் பரிசாச்சே, தொலைச்சுட்டேன்னு எப்படிச் சொல்லுவா? எங்க ரெண்டு பேர்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டா."

அந்த மண் நிறப் பூட்ஸ் செய்த நிறுவனத்துக்கு ஹல்வார் புகார்க் கடிதம் எழுதியிருந்தான். பசையின் வேதியியல், தையலின் பலவீனம், நுகர்வோரின் உரிமை என்று நான்கு பக்கம். அவர்கள் மன்னிப்புக் கேட்டு, புது ஜோடி ஒன்றை இலவசமாக அனுப்பினார்கள். விருந்துகளில் இன்றுவரை அவன் சொல்லிவரும் கதை அது. கடிதத்தை அனுப்பும் முன் இங்வில்டுக்கு உரக்கப் படித்துக் காட்டியிருந்தான். மூன்றாம் பக்கத்தில் அவள், விறகு எடுத்து வருகிறேன் என்று எழுந்து போனாள். வர வெகுநேரம் ஆயிற்று. விறகு இல்லாமல் வந்தாள். கண் சிவந்திருந்தது. தன் எழுத்து அவளை அழவைத்துவிட்டதாக அவன் அப்போது நினைத்துக்கொண்டான்.

"அந்தப் புது ஜோடிக்குத்தான் சிவப்பு லேஸ் மாட்டினா," என்றான் ஸ்வைனுங். "மானுக்குச் சிவப்பு தெரியாது மாப்ளே. மனுஷனுக்குத் தெரியும்."

ஹல்வாருக்கு உள்ளிருந்து ஏதோ கிளம்பியது. இருமல் என்று நினைத்தான். சிரிப்பாக வெளியே வந்தது. ஏழு மாதமாகப் பூட்டிக் கிடந்த கதவுபோல, அந்தச் சிரிப்பும் கிறீச்சிட்டது. நிறுத்த முடியாமல் கல்மேல் உட்கார்ந்தான். முகம் நனைந்தது. மூடுபனியில் யாரும் பார்க்கவில்லை, அல்லது பார்க்காததுபோல இருந்தார்கள்.

"சரி, எழுந்திரு," என்றாள் தூர்தீஸ் கொஞ்ச நேரம் கழித்து. "உன் சுமையை இங்கேயே வை. நாளைக்கு நாங்க வந்து எடுத்துக்கறோம். வெறுங்காலோட கறி சுமக்க முடியாது."

"ஓத்மாருக்கு இடம் போயிரும்."

ஸ்வைனுங் தன் சுமையின் கயிற்றை இறுக்கினான். விதி அவன் வைத்தது.

ஹல்வார் கத்தியை எடுத்தான். மானின் கால்தோலை அகலமாக அறுத்து, மயிர் வெளியே இருக்கும்படி பாதத்தைச் சுற்றி, கயிற்றால் கட்டினான். இரண்டு காலுக்கும். சுமையைத் தூக்கி நடந்தான். தோல் வழுக்கியது, பிசுபிசுத்தது, ஒவ்வொரு அடியிலும் சளப்சளப் என்றது. குதிகால் எழும்பியது, விரல்நுனி இடித்தது, கணுக்காலுக்குப் பிடிமானமே இல்லை. கடையில் அவன் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் பாதம் இப்போது விடை சொல்லிக்கொண்டு வந்தது. வழியில் மூன்று முறை விழுந்தான். மூன்றாம் முறை ஸ்வைனுங் கை நீட்டினான். ஹல்வார் அதைப் பிடிக்கவில்லை. முழங்காலை ஊன்றி எழுந்தான்.

குடிசை வாசலில் சுமையை இறக்கியபோது அவனுக்குக் கால் இருப்பதே தெரியவில்லை. ஸ்வைனுங் அடுப்பை மூட்டினான். மேலே பார்த்தான்.

"ஆணி உன்னோடது மாப்ளே," என்றான். "மாட்டு."

மாட்டுவதற்கு ஹல்வாரிடம் பூட்ஸ் இல்லை. பாதத்தில் கட்டியிருந்த மான்தோலைக் கழற்றி வாசலுக்கு வெளியே எறிந்தான். கிழிந்து, ரத்தமும் சேறுமாக இருந்த காலுறைகளை உரித்தெடுத்து, எட்டி, சிவப்பு லேஸுக்குப் பக்கத்தில் ஆணியில் போட்டான். அடுப்புச் சூட்டில் அவற்றிலிருந்து ஆவி கிளம்பியது.

"ஐயோ, நாறுது. வெளிய போடு வாத்தியாரே," என்றாள் தூர்தீஸ், மூக்கைப் பொத்திக்கொண்டு.

"காயட்டும்," என்றான் ஹல்வார்.