சுபர்ணாவின் சிரிப்பு

...கோமளாவுக்குத்தான் கொடுப்பார்கள், கொடுக்கட்டுமே, என்று அவரைக்காய்க்கு நார் எடுத்தபடி லோகநாயகி நினைத்தாள், கூடத்தில் டி.வி. செய்திக்காகக் காத்திருந்த அவள் கணவர் சண்முகசுந்தரமும் பக்கத்து குவார்ட்டர்ஸ் ஜேம்ஸும் சிறந்த நடிகை விருது யாருக்கு என்று ஒரு மணி நேரமாக மல்லுக்கு நிற்கிறார்கள், ஆவடி ஃபேக்டரியில் டாங்க் செய்கிறவர்களுக்கு இதில் என்னதான் அக்கறையோ... "கோமளாதான் மச்சான், படம் முச்சூடும் அழுதுகினே கீறா," என்றார் ஜேம்ஸ். "அட போய்யா, சுபர்ணா கிணத்தடியில ஒரு சிரிப்பு சிரிச்சாளே, அதுக்கே குடுக்கலாம்," என்றார் இவர். லோகநாயகியின் விரல் நாரில் நின்றது. அந்தச் சிரிப்பு அவளுடையது. பம்பாய்ப் பெண் சுபர்ணாவுக்குத் தமிழில் வணக்கம் தவிர ஒன்றும் வராது, படம் முழுக்கக் குரல் கொடுத்தவள் லோகநாயகி, வீட்டில் சொன்னதோ டப்பிங்கில் கூட்டத்தோடு கூட்டமாகக் கத்துகிற வேலை என்று. இரவல் குரல் என்று தெரிந்தால் விருது இல்லையாம், "விருது கைக்கு வர்ற வரைக்கும் மூச்சு விடாதீங்கம்மா, கெடைச்சிட்டா அடுத்த நாலு படமும் உங்களுக்குத்தான்" என்று படக் கம்பெனி மேனேஜர் கும்பிடாத குறை. மூச்சு விடவில்லை, ஆனால் மனசு கேட்கிறதா? அம்பத்தூர் தியேட்டரில் அந்தச் சிரிப்புக்கு அவர் வாய் பிளந்தபோது, இதோ திரும்புவார், இதோ என் முகத்தைப் பார்ப்பார் என்று இருட்டில் காத்திருந்தாளே, பன்னிரண்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனுக்குக் குரல் தெரியாதா... தெரியவில்லை. சுபர்ணா ஜெயித்தால் நாலு படம், ஆனால் வாயே திறக்க முடியாது, தோற்றால் இந்த நிமிஷமே அவரிடம் போய்ச் சொல்லிவிடலாம், அதனால் அவள் தோற்கவேண்டும் என்று கூட... என்ன பைத்தியம் இது, பிழைப்பில் யாராவது மண்ணைப் போட்டுக்கொள்வார்களா?

"லோகு, நீ சொல்லு, யாருக்கு?" என்று அவர் குரல் கொடுத்தார். "கோமளாவுக்குத்தாங்க," என்றாள். "உனக்கு அந்தச் சிரிப்பு எங்க புரியப்போவுது, நீ சிரிச்சு நான் பாத்ததே இல்லியே," என்றார், கோபமாகக் கூட இல்லை, சும்மா சொன்னார், அதுதான் வலித்தது. பார்த்ததே இல்லையா? கல்யாணமான புதிதில், கோவில்பதாகை ஏரிக்கரையில் சைக்கிள் சறுக்கி இரண்டு பேரும் சேற்றில் விழுந்தபோது, எழுந்திருக்க முடியாமல் சிரித்தாளே, ஸ்டுடியோவில் பத்து டேக்கிலும் வராத சிரிப்பு அதை நினைத்த பிறகுதானே வந்தது... கண்ணை மூடினாள். சேறு தெரிந்தது, கவிழ்ந்த சைக்கிளின் சக்கரம் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது தெரிந்தது, தன் பச்சைப் புடவை தெரிந்தது, அவர் முகம் மட்டும்... அவரும் சிரித்தாரா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. கூடத்தில் "சவுண்டு வை மச்சான்" என்றார் ஜேம்ஸ், செய்தி தொடங்கிவிட்டது, யார் பெயரைச் சொன்னார்கள் என்பது அவள் காதில் விழவில்லை, அன்றைக்கும் நான் தனியாகத்தான் சிரித்தேனோ என்று முதல் தடவையாக அவளுக்குத் தோன்றியது.