யாரு வண்டிங்க?

இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் வண்டியை ஓட்டிப் பிழைத்தவனுக்கு ஒரு தலையெழுத்து உண்டு. அவன் எதில் ஏறி உட்கார்ந்தாலும் பார்க்கிறவர்கள் "யாரு வண்டிங்க?" என்றுதான் கேட்பார்கள். வளப்பூர் நாட்டுச் சின்னுசாமிக்கு அந்தக் கேள்வி காது புளித்துப் போயிருந்தது. கிழங்கு வியாபாரியின் லாரி, பள்ளிக்கூட வேன், யாரோ கட்சிக்காரரின் ஜீப் என்று சகலத்தையும் கொல்லிமலையின் எழுபது வளைவிலும் ஏற்றி இறக்கியவர் அவர். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றரை ஏக்கர் மிளகுக் கொடியும், பூசாத சுவரோடு ஒரு வீடும், கோகிலவாணி என்று ஒரே மகளும்தான் உண்டு.

மகளை அடிவாரத்து ஊரில் கட்டிக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை யுவராஜுக்குத் திருப்பூரில் வேலை. மாப்பிள்ளையின் அப்பா முருகானந்தம் கட்டட மேஸ்திரி. அந்த மேஸ்திரியின் தாத்தாவும் இதே மலையிலிருந்து கோவணத்தோடு இறங்கிப் போனவர்தான். ஆனால் இரண்டு தலைமுறை சமவெளிக் காற்று பட்டுவிட்டால் போதும், மேலே இருக்கிறவர்கள் எல்லாம் புலியோடு குடித்தனம் பண்ணுகிறவர்களாகத் தெரிவார்கள். கோகிலவாணிக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது ஊர் உலக வழக்கம். பந்தி முடிந்து வெற்றிலை போடுகிற நேரம் பார்த்து முருகானந்தம் பேச்சை எடுத்தார்.

"அனுப்பறதுக்கு எனக்கொண்ணும் இல்லீங்க சம்பந்தி. திடீர்னு வலி கண்டா என்ன பண்ணுவீங்க? பஸ்ஸுக்கு நிப்பீங்களா? ஆம்புலன்ஸு எங்கிருந்து எப்ப வந்து சேர்றது? ஊட்டுல ஒரு காரு நின்னா நான் ஏன் வாயத் தொறக்கப் போறேன்?"

இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோகிலவாணி கை நிறைய வளையலோடு அப்பாவின் முகத்தையே பார்த்தாள். சின்னுசாமியிடம் காசு இல்லை, வார்த்தை மட்டும் தாராளமாக வந்தது.

"காரு வாங்கியாச்சுங்களே! வந்துட்டே இருக்குதுங்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா இல்லை. முருகானந்தம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் நம்பிவிட்டார். "அப்படீங்களா! ரொம்ப சந்தோசம். வர்ற வெள்ளிக்கெழம அதுலயே வந்து புள்ளயக் கூட்டிட்டுப் போங்க" என்றார். பொய்க்கு இருக்கிற மரியாதை உலகத்தில் வேறு எதற்கும் கிடையாது.

ஆறு நாள் இருந்தது. நல்ல விலைக்காகக் காத்துக் கிடந்த மூன்று வருஷத்து மிளகு மூட்டைகளை வந்த விலைக்குத் தள்ளினார். அந்தக் காசுக்கு நாமக்கல்லில் கிடைத்த வண்டிகள் எல்லாம் அவரைவிட வயசானவையாக இருந்தன. பெங்களூரில் பழைய கார் மலிவு என்று யாரோ சொன்னார்கள். சரி, போய்ப் பார்த்துவிடுவோம் என்று முடிவு பண்ணினார். பண்ணினதை யாரிடமும் சொல்லவில்லை. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. வளப்பூரில் ஒருவன் கார் வாங்கப் போகிறான் என்று தெரிந்தால், வண்டி வருவதற்கு முன்னாலேயே நாலு டயரும் பஞ்சராகிற அளவுக்குக் கண் இருக்கிறது. பெண்டாட்டி இருசாயிக்கும் சொல்லவில்லை. அவள் வாய்க்குப் பூட்டுப் போட இன்னும் ஆசாரி பிறக்கவில்லை. சேலத்தில் ஒரு வேலை என்று சொல்லிவிட்டு வியாழக்கிழமை காலை பஸ் ஏறினார்.

பெங்களூரில் கார் வியாபாரி முரளி நல்ல தமிழ் பேசினான். ஏழு வருஷத்துச் சிவப்புக் கார் ஒன்றைக் காட்டி, ஏசி பாருங்க, பாட்டுப் பெட்டி பாருங்க, பின்னால் போகும்போது கேமரா வழியாகப் பாருங்க என்று கல்யாணத் தரகர் மாதிரி அடுக்கினான். சின்னுசாமி எதையும் பார்க்கவில்லை. மலைக்காரனுக்கு வண்டியில் மூன்றே பரீட்சை. ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்துப் பார்த்தார். பிரேக்கை நாற்பது தடவை மிதித்தார். பிறகு ஹாரனை அடிக்க ஆரம்பித்தவர் தெருவே எட்டிப் பார்க்கும்வரை கையை எடுக்கவில்லை.

"போதுங்க சார், ஹாரன் நல்லாத்தான் இருக்கு" என்றான் முரளி.

"எழுபது வளைவு, ஒவ்வொண்ணுக்கும் அடிக்கோணும் தம்பி. கம்மிப்போனா நானில்ல போய்ச் சேருவேன்?"

வண்டி ஒரு அம்மாவின் பேரில் இருந்தது. ஷாலினி என்று பெயர். பெயர் மாற்ற வேண்டுமானால் கர்நாடகத்திலிருந்து தடையில்லாச் சான்று வர வேண்டும், அதை வைத்து நாமக்கல்லில் வரி கட்டிப் புது நம்பர் வாங்க வேண்டும், ஒன்றிரண்டு மாசம் ஆகும் என்று முரளி ஒளிக்காமல் சொன்னான். சின்னுசாமி தலையை ஆட்டினார். ஆடுகிற தலைக்குள் வெள்ளிக்கிழமை மட்டும்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளம்பினார். மேம்பாலம் வளைந்தால் ஹாரன், சுங்கச்சாவடி வந்தால் ஹாரன். ஒசூர் தாண்டுவதற்குள் பாதிப் பேரிடம் வசவு வாங்கியாகிவிட்டது. அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. முதல்முறையாக ஒரு வண்டிக்குள் தனக்காக உட்கார்ந்திருக்கிறோம் என்ற நினைப்பே இனித்தது. கிருஷ்ணகிரியில் வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மறுபடி ஏறினார். டீ குடிக்கக்கூட இல்லை. சும்மா பார்ப்பதற்குத்தான்.

மத்தியானம் சம்பந்தி வீட்டு வாசலில் கார் நின்றது. முருகானந்தம் வெளியே வந்து நம்பர் பலகையைப் பார்த்தார்.

"கர்நாடகா வண்டியாட்ட இருக்குது. யாரு வண்டிங்க?"

"நம்மளுதுங்க."

முருகானந்தம் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். உள்ளே செண்டு வாசனை. பின்கண்ணாடியில் நாய்க்குட்டி படம் ஒட்டி, என் செல்லம் உள்ளே இருக்கிறது என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. சின்னுசாமி பெருமையாகச் சாவியைத் திருகிக் காட்டினார். பாட்டுப் பெட்டியின் திரை பளிச்சென்று எரிந்து, வெல்கம் ஷாலினி என்றது.

"ஷாலினிங்கறது யாருங்க?"

"முன்னால வச்சிருந்தவங்க."

"ஆர்.சி. புக்கு?"

காட்டினார். அதிலும் ஷாலினிதான் இருந்தாள். பெயர் மாற்ற இரண்டு மாசம் ஆகும் என்று விளக்கினார். விளக்க விளக்க அவருக்கே அது பொய் மாதிரி கேட்டது. வியர்த்துப் போய், "வேணும்னா மலையில யார வேணா கேளுங்க" என்றவர், யாரிடமும் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்து பாதியில் நிறுத்தினார். கதவோரம் பையைக் கட்டி வைத்துக்கொண்டு நின்ற கோகிலவாணி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவு சின்னுசாமியை அறுத்துவிட்டது.

முருகானந்தம் கெட்டவர் இல்லை. குரலைத் தணித்தே சொன்னார். "சம்பந்தி, இரவல் வண்டி கொண்டாந்து காட்டித்தான் எங்ககிட்ட மரியாத வாங்கோணும்னு இல்லீங்க. புள்ள இங்கயே இருக்கட்டும்."

"இரவல் இல்லீங்க! நீங்களே வாங்க, மேல வந்து பாருங்க. எங்க ஊட்டு முன்னாடி நிக்கறதப் பாத்துப்போட்டு அப்புறம் சொல்லுங்க."

"சரி, வாரேன். போலாங்க" என்று முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார் முருகானந்தம். புள்ளையை அனுப்புவதா வேண்டாமா என்று பார்த்துவிட்டு வந்து சொல்வதாகப் பெண்டாட்டி பானுமதியிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

மலை ஏறுகிற இடத்தில், காரவள்ளிச் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்க்க வந்தவர் சின்னுசாமிக்குப் பழக்கமானவர். காரைப் பார்த்தார், முன்சீட்டில் சலவைச் சட்டையில் இருந்த முருகானந்தத்தைப் பார்த்தார். "ஏனுங்க, இப்ப டூரிஸ்ட்டுகளக் கூட்டிட்டு வாரீங்களா? சாருக்கு எந்த ஊருங்க, பெங்களூருங்களா?" என்றார். அடுத்து நாலு கிலோமீட்டர் தூரத்துக்கு முருகானந்தம் வாய் திறக்கவில்லை. திறந்தபோது பேசுவதற்காகத் திறக்கவில்லை. பதினெட்டாவது வளைவில் நிறுத்தச் சொல்லி, இறங்கி, மதியம் சாப்பிட்டதையெல்லாம் மலைக்குக் கொடுத்தார். மைல்கல்லில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மறுபடி ஏற முக்கால் மணி நேரம் ஆயிற்று. முப்பத்தொன்றில் இன்னொரு தடவை.

நாற்பத்தாறாவது வளைவில்தான் அந்த லாரி எதிரே வந்தது. கிழங்கு ஏற்றிய லாரி. ஓட்டியவன் செல்வம், சின்னுசாமிக்குப் பங்காளி முறை.

ஏறுகிற வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும் என்று சட்டம் சொல்லும். கிழங்கு லாரிக்காரர்களுக்குள் வேறு சட்டம். வெளிமாநில வண்டி எதிரே வந்தால், அது ஏறினாலும் இறங்கினாலும் அதுதான் பின்னால் போக வேண்டும். ரோடு தெரியாதவன், ஒரு ஹாரனுக்குப் பயந்து தானே போய்விடுவான். செல்வத்துக்குத் தொழில் பழக்கியபோது இதையும் சேர்த்துப் பழக்கியவர் சின்னுசாமியேதான். செல்வம் கர்நாடக நம்பரைப் பார்த்தான், ஹாரனை அடித்துக்கொண்டே இறங்கினான். எதிரே வருவது செல்வம்தானே, நம்மைத் தெரியாதவனா, நிறுத்துவான் என்று சின்னுசாமி ஏறினார். தன் நெற்றியில் என்ன நம்பர் ஒட்டியிருக்கிறது என்பதை அவர் சுத்தமாக மறந்திருந்தார். லாரியின் பக்கப்பலகை முன்பம்பரிலிருந்து பின்கதவுவரை காரைச் சீவிக்கொண்டு போய் நின்றது.

சின்னுசாமி இறங்கினார். வலது பக்கம் முழுக்க சிவப்புப் போய்த் தகரம் பல்லைக் காட்டியது. அவர் கத்தவில்லை. ரோட்டிலேயே மண்டி போட்டு உட்கார்ந்து, நசுங்கிய கதவை உள்ளங்கையால் தடவினார். தடவத் தடவ அழுகை வந்தது. ஐம்பது வயது ஆள் வாய்விட்டு, மூக்கொழுக அழுதார்.

"ஏன்ணா, யாரு வண்டிண்ணா இது?" என்று ஓடி வந்தான் செல்வம்.

"எம்பட வண்டிடா! மூணு வருச மொளகுடா! எம்புள்ளயக் கூட்டிட்டு வாரதுக்கு வாங்குனேன்டா, பாவி!"

முருகானந்தம் மைல்கல்லைத் தேடிப் போய் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்தார். இருபது வருஷம் கூலியாட்களை மேய்த்தவர் அவர். இரவல் வண்டிக்காரன் முதலில் போனை எடுப்பான், அப்புறம் நஷ்டம் கேட்பான், சொந்தக்காரனுக்கு என்ன பதில் சொல்வது என்று முழிப்பான். கதவைத் தடவிக்கொண்டு அழமாட்டான்.

"எழுந்திரிங்க சம்பந்தி" என்றார் கிட்டே வந்து. "நம்பறேங்க. உங்க வண்டிதான்." சின்னுசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். முருகானந்தம் பள்ளத்தைப் பார்த்தார், தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "ஆனா, முன்சீட்டுல உக்காந்து பாத்ததுக்கப்புறம் சொல்றேன். இந்த ரோட்டுல புள்ளத்தாச்சிய நான் அனுப்ப மாட்டேங்க. தப்பா நெனைக்காதீங்க."

சின்னுசாமி மலையை அண்ணாந்து பார்த்தார். காரில்லை என்று சொன்னார், வாங்கினோம். கார் நம்முடையது இல்லை என்றார், நிரூபித்தோம். இப்போது மலையே வேண்டாம் என்கிறார். மலையை எங்கே கொண்டுபோய் மாற்றுவது?

அதற்குள் கீழேயிருந்து வந்த பஸ் வழியில்லாமல் வளைவில் நின்றது. என்ன ஏது என்று ஜனம் இறங்கி வந்தது. அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, ஒரு கையில் எலுமிச்சம்பழமும் இன்னொரு கையில் இடுப்புமாகக் கோகிலவாணி வந்தாள்.

இரண்டு அப்பன்களும் பேயைப் பார்த்த மாதிரி பார்த்தார்கள்.

"அத்ததான் பஸ் ஏத்தி விட்டாங்க" என்றாள். "மாமா திரும்பி வாரதுக்குள்ள போய்ச் சேந்துருன்னாங்க. நீங்க இங்க நடு ரோட்டுல நிப்பீங்கன்னு எங்களுக்கெப்படித் தெரியும்?"

"இந்த ஒடம்போட இந்த ரோட்டுல ஏம்மா..." என்று ஆரம்பித்தார் முருகானந்தம்.

"காலேஜுக்கு மூணு வருசம் இதே ரோட்டுல நின்னுட்டே போய்ட்டு வந்தவ மாமா நானு. ஆறு நாளா காரு இருக்குதா, யாரு காருன்னே நீங்க ரெண்டு பேரும் பேசிட்டிருந்தீங்க. எங்கம்மாகிட்டப் போறியான்னு என்னைய ஒருத்தரும் கேக்கலீங்களே."

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். முருகானந்தம் தரையைப் பார்த்தார். சின்னுசாமிக்கு வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக முட்டின. மகள் பாதி மலை ஏறிவிட்டாள், இனி யாரும் இறக்க முடியாது என்பது மெதுவாகத்தான் உறைத்தது.

"ஏறு கண்ணு, நம்ம கார்ல போலாம்" என்று இடது கதவைத் திறந்து பிடித்தார்.

கோகிலவாணி உள்ளே குனிந்தாள். செண்டு வாசனையும் மாமாவின் மத்தியானச் சாப்பாட்டு வாசனையும் சேர்ந்து அடித்தன. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு பின்வாங்கினாள்.

"பஸ்லயே வாரேம்ப்பா. சன்னலோரம் துண்டு போட்டு எடம் புடிச்சு வச்சிருக்கறேன். பொம்பளைகளுக்கு டிக்கெட்டும் இல்ல." அப்பாவின் முகம் விழுந்ததைப் பார்த்து, நசுங்கிய கதவில் ஒரு தரம் கையை வைத்தாள். "காரு நல்லாத்தாம்ப்பா இருக்குது."

செல்வம் லாரியையும் காரையும் ஓரங்கட்டி வழிவிட்டான். பஸ் உறுமியது. முருகானந்தம் காரையும் பஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். "சம்பந்தி, முன்சீட்டு எனக்கு ஒத்துக்கலீங்க. நானும் அதுலயே வந்தர்றேன்" என்று மருமகளுக்குப் பின்னால் ஓடி ஏறினார். அவருக்கு மட்டும் டிக்கெட் உண்டு.

மூன்று வருஷத்து மிளகை ஓட்டிக்கொண்டு சின்னுசாமி தனியாகப் பஸ்ஸின் பின்னால் போனார். ஒவ்வொரு வளைவிலும் சன்னலிலிருந்து மகள் திரும்பி, மெதுவா வாங்கப்பா என்று கையைக் காட்டினாள். அவரும் ஒவ்வொரு வளைவிலும் அவளுக்காக ஹாரன் அடித்தார்.