ஏழாம் விண்கலத்தின் கடைசி எபிசோடு

"கரண்ட் பூட்டுச்சே, அப்பால யாரு பாத்தா?" என்றாள் ரமாபாய். ஈரத் துணியால் வெண்டைக்காயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பாயில் உட்கார்ந்து லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருந்த அன்புமணி தலையைத் தூக்கினான். "எங்க பூட்டுச்சி?"

"பச்சையம்மாக்கா வூட்லதான். கடைசி எபிசோடு ஓடிகினு இருக்கசொல்ல. டாக்டரம்மா கப்பல் கதவாண்ட வந்து நிக்கிறா, பொட்டுனு பூட்டுச்சி. முடிவ யாருமே பாக்கல."

"நான் பாத்தேனே."

எண்ணூரில் நிலக்கரி ஏற்றும் பெல்ட்டில் வேலை பார்த்துவிட்டு வருகிறவன், வார விடுமுறையை எல்லாம் ஒரு புத்தகத்துக்குக் கொடுத்துவிட்டான். சின்ன வயதில் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு பிளாக் பிள்ளைகள் எல்லாம் ஒரே வீட்டில் முண்டியடித்துப் பார்த்த 'ஏழாம் விண்கலம்' தொடருக்கு ஒரு கையேடு. மூர் மார்க்கெட்டில் வேறொரு தொடருக்கு வந்த தடித்த இங்கிலீஷ் கையேட்டைப் பார்த்ததிலிருந்து பிடித்த பைத்தியம் அது. எந்த எபிசோடில் என்ன நடந்தது, எந்தக் கோளில் எத்தனை சூரியன், கப்பலில் எந்த அறைக்குப் பக்கத்தில் எந்த அறை என்று அந்த இங்கிலீஷ் புத்தகத்தில் எல்லாமே இருந்தது. தமிழில் ஓடிய தொடரின் பதிவுகூட எங்கும் மிஞ்சவில்லை. பிளாக் வாட்ஸப் குழுவில் இருக்கிறவர்களின் ஞாபகம்தான் மூலம். எல்லாம் எழுதியாகிவிட்டது, கடைசி எபிசோடு தவிர.

"நான் அன்னிக்கு இங்கயே இல்லமே," என்றான். "எங்கண்ணன் நிச்சயம். திருவொத்தியூர்ல பெரியப்பா வூட்ல குந்திகினு பாத்தேன். டாக்டர் உள்ள வந்துட்றா, கதவு மூடுது. நல்லா நெனப்பு கீது."

ரமாபாயின் கை நின்றுவிட்டது.

அன்று மழை. ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். கரண்ட் போனதும் அறை முழுக்கக் கூச்சல். அந்த இருட்டில் ஒரு கை அவள் கையைப் பிடித்தது. அழுத்தவில்லை, இழுக்கவில்லை, சும்மா பிடித்துக்கொண்டிருந்தது. விளக்கு வருவதற்குள் விட்டுவிட்டது. அன்புமணிதான் என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு வாரமும் அவள் பக்கத்தில் உட்காருகிறவன் வேறு யார்? பின்னாளில் புளியந்தோப்பு மாமன் மகனுக்குப் பேசி முடித்த சம்பந்தத்தை அவள் ஒரே பேச்சில் உதறியதும் அந்தக் கையை நம்பித்தான். குழாயடியில் அவனைப் பார்த்து முதலில் சிரித்தது அவள்தான். கல்யாணத்துக்குப் பிறகும் அதைப் பற்றி அவன் வாய் திறக்காததைக் கூச்சம் என்று நினைத்து, உள்ளுக்குள் ரசித்துக்கொண்டே இத்தனை வருஷத்தை ஓட்டியிருக்கிறாள்.

"நல்லா யோசிச்சி சொல்லுய்யா. நீ இங்க இல்லியா?"

அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இல்லமே! ஆனா நீ சொல்றதயும் போட்டுடலாம். ரெண்டு பேரு ரெண்டு மாரி சொன்னா ரெண்டயும் போடணும். பெரிய புக்கெல்லாம் அப்டித்தான்."

அவள் காயை அப்படியே வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

பச்சையம்மாள் வாசலில் நாற்காலி போட்டு, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கேள்வியை இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

"கடைசி எபிசோடா? மழ ஆரம்பிச்சதுலருந்து என் டிவி ரிப்பேர் கடைல இல்ல கெடந்துச்சி! நீங்கல்லாம் ஜாபர் வூட்டுக்கில்ல ஓடுனீங்க. அவங்கம்மா சுண்டல் குடுத்தாங்கன்னு நீதானடி வந்து சொன்ன."

ஜாபர். மாத்தூருக்குக் குடிபோன பையன். அவனுடைய உயரம் ஞாபகம் வந்தது, சட்டைக் காலரைக் கடிக்கிற பழக்கம் ஞாபகம் வந்தது, முகம் மட்டும் வரவில்லை. சுண்டலும் ஞாபகம் வரவில்லை.

"அன்னிக்குக் கரண்ட் பூட்டுச்சாக்கா?"

"நம்ம ஏரியால என்னிக்குடி பூடல?"

மேலே வந்தவள் கதவிலேயே நின்றாள். மறைத்து வைக்கிற விஷயமா, சொல்கிற விஷயமா என்று அவளுக்கே புரியவில்லை. சொல்லிவிட்டாள். இருட்டு, கை, புளியந்தோப்பு சம்பந்தம், எல்லாவற்றையும். வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் இருந்தது.

அன்புமணி லேப்டாப்பை மூடினான். அதன் மூடியைத் தடவினான்.

"அதனாலதான் கொயாயாண்ட சிரிச்சியா?"

"ஆமா."

"நான் இன்னாவோன்னு நெனச்சேன்," என்றான். கோபமா என்று அவன் முகத்தைப் பார்த்தாள். தெருவில் கூப்பிட்டது தன்னைத்தானா என்று திரும்பிப் பார்க்கிறவனின் முகம்போல் இருந்தது.

"கையப் புடிச்சவன் எந்தப் பக்கம் குந்திகினு இருந்தான்?"

அவள் வந்து அவனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துப் பார்த்தாள். சரியாக இல்லை. எழுந்து, சுற்றி வந்து, வலப்பக்கம் உட்கார்ந்தாள். அங்கேயும் எதுவோ இடித்தது. மறுபடி எழுந்தாள்.

கீழே ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அன்புமணி பாயின் நடுவுக்கு நகர்ந்து, இரண்டு பக்கமும் இடம் விட்டு உட்கார்ந்தான்.