ஏலக் கொட்டகையில் ரத்தம் எடுத்த நாள்

என் தம்பி குன்ஹாய்க்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும் துறைமுகத்தில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "கூடப் பிறந்தவ இருக்காளே, அவ கொடுக்க மாட்டாளா?" கொடுக்கத்தான் போனேன். ஒரே வயிற்றில் பிறந்தும் என் எலும்பு மஜ்ஜை அவனுக்குப் பொருந்தவில்லை.

சொந்தமில்லாதவர்களும் மஜ்ஜை தரலாம் என்று தைவானில் சட்டம் மாறிய புதிது. எங்கோ ஒருவருடையது பொருந்தக்கூடும். அவரைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், ஏராளமானவர்கள் ஆளுக்கொரு குழாய் ரத்தம் கொடுத்துப் பெயர் பதிந்திருக்க வேண்டும். அப்போது பதிந்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

"அப்ப நாமளே ஆள் சேர்ப்போம்," என்றான் குன்ஹாய். முதல் சுற்று மருந்து முடிந்து வீட்டுக்கு வந்திருந்தான். தலையில் ஒரு முடி இல்லை. "தேர்தல்னா வீடு வீடாப் போய் கதவத் தட்டுறோம்ல அக்கா? அதே மாதிரிதான். இதுல தோத்தா நான் மட்டும்தான் தோப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம்."

நகரத்து மருத்துவமனை ரத்தம் எடுக்கும் வண்டியை அனுப்பச் சம்மதித்தது. ஆனால் அவர்கள் கொடுத்த தேதி எங்கள் பஞ்சாங்கத்தின் ஏழாம் மாதத்தில் வந்தது. பேய்கள் வெளியே உலவும் மாதம். அந்த மாதத்தில் எங்கள் ஊரில் கல்யாணம் கிடையாது, குடிபோவது கிடையாது. பல் பிடுங்கக்கூட யாரும் போக மாட்டார்கள். வேறு தேதி கேட்டால் அடுத்த குளிர்காலம் என்றார்கள். குன்ஹாயின் ரத்தம் அவ்வளவு காலம் காத்திருக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வண்டி நிற்க, கடலைக் காக்கும் மாட்ஸு அம்மன் கோயில் முற்றத்தை விட்டால் வேறு இடமில்லை. கோயில் குழுத் தலைவர் தியாம்சாய் நல்ல மனிதர், ஆனால் பஞ்சாங்கத்துக்கு அப்பால் ஒரு அடி வைக்காதவர்.

"அம்மன் சரின்னு சொன்னா எனக்கும் சரி," என்றார்.

சாமியிடம் உத்தரவு கேட்க வீசும் பிறைக் கட்டைகள் இரண்டையும் நெற்றியில் வைத்துக்கொண்டு உரக்கக் கேட்டார்: "தாயே, ஏழாம் மாதத்துல உன் வாசல்ல மனுஷ ரத்தம் எடுக்கலாமா?"

கட்டைகள் விழுந்தன. இரண்டும் கவிழ்ந்து, முதுகு மேலே. கூடாது என்று அர்த்தம். பின்னால் நின்ற கூட்டம் பெருமூச்சு விட்டது. மறுபடி கேட்டார். இந்த முறை இரண்டும் மல்லாந்து விழுந்தன. அம்மன் சிரிக்கிறாள் என்று அர்த்தம்.

தியாம்சாய் கட்டைகளைப் பொறுக்கி மேலே வைக்கப் போனார். அப்போது சிப்பி உடைக்கும் கொட்டகையிலிருந்து எழுந்து வந்த சுன்கியாவ் அத்தை, ரப்பர் செருப்போடு படியில் நின்று கத்தினாள்.

"தலைவரே, அவ எதுக்குச் சிரிக்கிறா? கேட்டவன் கேட்ட லட்சணத்தப் பாத்துச் சிரிக்கிறா!"

"நீ வாய மூடு. செருப்பக் கழட்டிட்டு உள்ள வா."

"கழட்டிட்டேன், போதுமா? ரத்தம் எடுக்கலாமா, ரத்தம் எடுக்கலாமான்னா? பன்னி அறுக்கிறவன் கேக்கிற மாதிரி இருக்கு. எந்தத் தாய் ஒத்துப்பா? டேய் குன்ஹாய், நீ கேளுடா. உனக்குத்தான வேணும்?"

கேள்வியைத் தப்பாகக் கேட்டால்தான் சாமி சிரிக்கும் என்பது தியாம்சாய்க்கும் தெரியும். முணுமுணுத்துக்கொண்டே கட்டைகளைத் தம்பியிடம் கொடுத்தார். குன்ஹாய் முகமூடியைக் கீழே இழுத்துவிட்டு மண்டியிட்டான். வேண்டுகிறவன் குரலாக இல்லை அது. மீன் கடையில் பேரம் பேசுகிறவன் மாதிரிப் பேசினான்.

"அம்மா, இந்த மாசம் ஏற்கெனவே ஊர் பூரா பேய். அத்தனைக்கும் சோறு போட்டு நமக்குக் கட்டுப்படி ஆகல. இதுல நானும் ஒண்ணாச் சேராம இருக்க, ஊர்க்காரங்க கை நீட்டட்டுமா?"

ஒன்று கவிழ்ந்தது, ஒன்று மல்லாந்தது. சரி. மூன்று முறை இப்படி விழ வேண்டும். மறுபடி போட்டான், சரி. மூன்றாவது முறை கட்டை உருண்டு தியாம்சாய் காலடியில் போய் நின்றது. அவரே குனிந்து பார்த்துவிட்டு, "சரிங்கிறா," என்றார்.

வண்டி வந்த அன்று வரிசை முற்றத்தைத் தாண்டி ஐஸ் ஆலை வரை போயிற்று. சூறாவளியில் படகைத் திருப்பிக் கொண்டுவந்த ஆட்கள் ஊசியைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"முதுகுத்தண்டுல ஓட்ட போட்டு உறிஞ்சுவாங்களாமே, அப்புறம் படகேற முடியாதாமே?" என்று ஒருவர் நழுவப் பார்த்தார்.

குன்ஹாய் அவருடைய இடுப்பெலும்பில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். "இங்கேருந்து எடுப்பாங்க மாமா. முதுகுப் பக்கமே போக மாட்டாங்க. எடுத்தது கொஞ்ச நாள்ல தானா ஊறிடும். உங்களுக்கு ஊறாதது ஒண்ணே ஒண்ணு, வெக்கம். போங்க, வரிசையில நில்லுங்க."

சுன்கியாவ் அத்தை முதல் ஆளாகக் கொடுத்துவிட்டு, அடுத்து உட்கார்ந்தவர்களின் கையை அசையாமல் பிடித்துக்கொண்டாள். சிப்பி உடைத்து உடைத்து இறுகிப்போன அந்தப் பிடியிலிருந்து ஒருவரும் தப்பவில்லை.

முடிவுகள் வந்தன. எங்கள் துறைமுகத்தில் ஒருவருடையதும் குன்ஹாய்க்குப் பொருந்தவில்லை.

குளிர்காலத் தொடக்கத்தில் மருத்துவமனையிலிருந்து சுன்கியாவ் அத்தைக்குத் தொலைபேசி வந்தது. அவளுடைய மஜ்ஜை ஒரு நோயாளிக்குப் பொருந்துகிறது. யார், எந்த ஊர் என்று சொல்ல மாட்டார்கள். அத்தை முடியாது என்று போனை வைத்துவிட்டு, நேரே குன்ஹாயின் படுக்கைக்கு வந்து நின்றாள். அவன் இரண்டாவது முறையாக மருத்துவமனையில் கிடந்தான்.

"உனக்குன்னுதான் கை நீட்டினேன். கண்ணால காணாத எவனுக்கோ எதுக்கு நான் இடுப்பக் குத்திக்கணும்? என் வீட்டுக்காரர் வேற குதிக்கிறாரு."

"மாமா எப்பவும் குதிக்கிறவர்தான. உக்காருங்க அத்தை."

"உக்கார வரல. வேற யாரும் சொல்லி நீ கேக்கிறதுக்கு முன்ன நானே சொல்லிடலாம்னு வந்தேன்."

அவனுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் அந்தக் குரலில் கெஞ்சல் இல்லை. "எனக்குப் பொருந்துற ஆளும் எங்கேயோ ஒரு ஊர்ல இருக்கான் அத்தை. அவன் கூடப் பிறந்தவளோ பக்கத்து வீட்டுக்காரியோ உடம்பு முடியாம இருக்கப்ப அவங்களுக்குன்னு கை நீட்டியிருப்பான். இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு அவனுக்கும் போன் வரும். கண்ணால காணாத குன்ஹாய்க்கு நான் எதுக்குன்னு அவன் கேட்டா, நான் என்ன பதில் சொல்றது? எங்க அத்தையே போகலன்னா?"

சுன்கியாவ் அத்தை அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ராட்சசன்டா நீ," என்றாள். கையிலிருந்த ஆரஞ்சுப் பையை என் மடியில் போட்டுவிட்டு வெளியே போனாள். வராந்தாவில் நின்று புருஷனுக்குப் போன் போட்டு அவள் போட்ட சத்தம் மாடி பூராவும் கேட்டது.

மஜ்ஜை கொடுத்துவிட்டு மூன்றாம் நாளே சிப்பிக் கொட்டகையில் வந்து உட்கார்ந்தாள். துரதிர்ஷ்டம் விலக என்று மாமா பன்றிக்கால் நூடுல்ஸ் சமைத்துப் போட்டாராம். "கல்யாணமான நாள்லேருந்து அந்த மனுஷன் அடுப்புப் பக்கம் வந்தது இதான் முதல் தடவ. இதுக்காகவே இன்னொரு தடவ கொடுக்கலாம்," என்று மருத்துவமனைக்கு வந்து இடுப்பைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். அதைக் கேட்டுக் குன்ஹாய் சிரித்த சிரிப்புக்குச் செவிலி ஓடி வந்து மிரட்டிவிட்டுப் போனாள்.

அவனுக்கான போன் யாருக்கும் போகவில்லை. போகும் என்பதில் கடைசி வரை அவனுக்குச் சந்தேகமில்லை. அதனால்தான் படுத்த படுக்கையிலிருந்தே பேசி, வண்டியை மறுபடி வரவழைக்கத் தேதி வாங்கி வைத்திருந்தான். அந்தத் தேதிக்குச் சில நாள் முன்னால், வசந்தத்தில் முன்னோர் கல்லறைகளைக் கூட்டிக் கும்பிடும் திருநாள் முடிந்த வாரத்தில், குன்ஹாய் இறந்துபோனான்.

துக்கம் நடந்த வீட்டார் கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. நானில்லாமல் வண்டியை நடத்த ஆளில்லை. யாருக்கு என்ன சொல்ல வேண்டும் என்பது எனக்குத்தான் தெரியும். மருத்துவமனைக்குப் போன் போட்டு வேண்டாமென்று சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருந்தபோது தியாம்சாய் வீட்டுக்கு வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"வண்டிய ஏலக் கொட்டகைக்கு வரச் சொல்லிட்டேன்."

"அங்க மீன் ஏலம் நடக்குமே?"

"நடக்காது. படகுக்காரங்ககிட்டப் பேசியாச்சு. ஒரு நாள் ஏலம் இல்லாட்டி கடல் வத்திப் போயிடாது." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "கோயில் மேசை நாற்காலி எல்லாத்தையும் அங்க கொண்டுபோய்ப் போட்டாச்சு. உன்னால கோயிலுக்கு வர முடியாதுன்னா, நாங்க அங்க வர்றோம்."

அன்று காலை கொட்டகைத் தரையை உப்புத் தண்ணீரால் கழுவியிருந்தார்கள். அப்படியும் மீன் வாடை போகவில்லை. டாக்டர் மூக்கைச் சுருக்கியதைப் பார்த்த சுன்கியாவ் அத்தை, "பழகிடும் டாக்டர், நாங்க பழகல?" என்றாள். கையில் துக்கப் பட்டையோடு நான் மேசைக்குப் பின்னால் நின்றேன். எங்கள் ஊரில் கொடுக்காதவர்கள் மிச்சமில்லை. வந்தவர்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியாது. பக்கத்துத் துறைமுகங்களிலிருந்து லாரியிலும் மோட்டார் சைக்கிளிலும் வந்திருந்தார்கள்.

முதலில் உட்கார்ந்த ஆள் வெயிலில் கறுத்தவர், என் வயதிருக்கும். சட்டைக் கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

"இந்தத் தடவ யாருக்கு?" என்று கேட்டார்.

"இன்னும் தெரியல," என்றேன்.

"சரி," என்று சட்டைக் கையைச் சுருட்டினார்.