வீட்டுக்காரர் எடையில ஒரு மோட்டர்

ரொட்டிக்கடை முதலாளி சொன்னதை முதல்ல சொல்லிடுறேன். அப்பதான் எனக்கு ஏன் அவ்வளவு ரோஷம் வந்துச்சுன்னு உங்களுக்குப் புரியும்.

"இத்தனை வருஷமா துடுப்புப் போட்டே அக்கரைக்கு ரொட்டி கொண்டுபோற. உன்னைக் குறை சொல்லலைம்மா. ஆனா போய்ச் சேர்றதுக்குள்ள ரொட்டி ஆறிடுதுன்னு அங்க முணுமுணுக்கிறாங்க. ஃபைபர் படகுக்காரரும் இந்த வேலையைக் கேட்டுக்கிட்டே இருக்கார். ஞாயித்துக்கிழமை கூடைங்களை ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுத் தரேன். யாரு சூடா கொண்டுபோய்க் குடுக்கிறாங்களோ, இனிமே அந்த வேலை அவங்களுக்குத்தான்."

என் வலது தோள்பட்டை ஏற்கெனவே போயாச்சு. கையைத் தூக்கித் தலை வாரக்கூட முடியாது. இந்த வேலையும் போச்சுன்னா வாய் மட்டும்தான் எனக்கு மிச்சம், அதுக்கு எவனும் சம்பளம் தர மாட்டான். துடுப்பு போதும், மோட்டர் வாங்கிடுவோம்னு முடிவு பண்ணிட்டேன்.

நான் வாயைத் திறந்ததுதான் தாமதம், எங்க அண்ணன் வந்து நின்னுட்டார். ஊரே அவரை 'ஒலிபெருக்கி'ன்னுதான் கூப்பிடும். காதோடு காதா ரகசியம் சொன்னாலும் மூணு தெருவுக்குக் கேட்கும்.

மோட்டர் கடையில, கடைக்காரரைப் பேசவே விடலை. "நாப்பது குதிரைசக்தி! அதுக்குக் கீழ கையை வைக்காதே. ஃபைபர்காரன் அறுபது வச்சிருக்கான், நாம போய் சுண்டைக்காய் சைஸுல ஒண்ணை மாட்டினா ஊரே சிரிக்கும்!"

கடைக்காரரும் தலையைத் தலையை ஆட்டினார். பெருசு வித்தா அவருக்கு என்ன கசக்குமா?

என் வீட்டுக்காரர் ஓரமா நின்னுக்கிட்டிருந்தார். தையல்காரர். கழுத்துல டேப் இல்லாம அவரை நான் பார்த்ததே இல்லை. ஆள் ஒடிசல், பேச்சு அதைவிட ஒடிசல். மெதுவா என் பக்கம் குனிஞ்சு, "அது எவ்வளவு கனம்னு கேளு"ன்னார்.

கேட்டேன். நாப்பது, தொண்ணூத்தஞ்சு கிலோவாம். பதினஞ்சு, அம்பது கிலோவாம்.

கடை வாசல்ல சாமான் நிறுக்கிற மேடை ஒண்ணு இருந்துச்சு. "அண்ணே, கொஞ்சம் இதுல ஏறுங்களேன்."

"நான் எதுக்குடி?"

"ஏறுங்கன்னா ஏறுங்க!"

தொண்ணூத்தாறு. வீட்டுக்காரர் ஏறினார். அம்பத்தொண்ணு. எனக்கு சிரிப்பு தாங்கலை. ரெண்டு மோட்டரையும் வீட்டுலயே வச்சுக்கிட்டுக் கடையில தேடியிருக்கேன் பாருங்க.

நேரா படகுத்துறைக்குப் போனோம். என் படகு பழைய மரப்படகு, அடி தட்டை. அக்கரையில அதுக்கு 'ஆமை'ன்னு பேர். என் வழக்கமான இடத்துல நான் உக்காந்தேன், நடுவுல கூடைங்க. மோட்டர் மாட்டுற பின்பலகை மேல அண்ணனை உக்காரச் சொன்னேன். அவர் உக்காந்ததும் படகோட மூக்கு வானத்தைப் பார்த்துச்சு, பின்னாடி தண்ணி கடகடன்னு உள்ள வந்துச்சு.

"ஐயையோ! இறக்குடி! என்னை இறக்குடி!"

துறையில இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தாங்க. அண்ணன் இடுப்பு வரைக்கும் நனைஞ்சு எறங்கினார். தண்ணியை இறைச்சுட்டு, அதே இடத்துல வீட்டுக்காரரை உக்கார வச்சேன். படகு லேசா அசைஞ்சுச்சு, அவ்வளவுதான். பலகைக்கும் தண்ணிக்கும் நடுவுல ஒரு ஜாண் மிச்சம் இருந்துச்சு. அவர் சும்மா இருக்காம டேப்பை எடுத்துப் பலகையோட உசரத்தையும் அளந்துட்டார். இருபது அங்குலம்.

திரும்ப மோட்டர் கடைக்கு வந்தோம். கடைக்காரர் அந்த அளவைக் கேட்டதும்தான் உருப்படியா ஒரு வார்த்தை பேசினார். "அப்ப நீளக்கால் மோட்டர்தான் வேணும். குட்டைக்கால் மாட்டினா விசிறி தண்ணியில முங்காது, காத்தைத்தான் கடையும்."

"பதினஞ்சு குதிரை, நீளக்கால். அதையே குடுங்க"ன்னேன். "நான் ஏத்துறது ரொட்டி. பாறாங்கல் இல்லை."

"பதினஞ்சா! போச்சு, என் மானமே போச்சு!" அண்ணன் வேட்டி நுனியைப் பிழிஞ்சுக்கிட்டே கத்தினார்.

ஞாயித்துக்கிழமை காலையில நானும் வீட்டுக்காரரும் கூடையை ஏத்திக் கிளம்பினோம். ஃபைபர்காரர் சர்ருன்னு எங்களைத் தாண்டிப் போனார். "அக்கா, ஆமை அக்கரைக்கு இன்னைக்கு வருமா, நாளைக்கா?" அவர் கிளப்பின அலை என் மூஞ்சியில அடிச்சுச்சு. அண்ணன் சொன்னதையே கேட்டிருக்கலாமோன்னு ஒரு நிமிஷம் நெஜமாவே தோணிடுச்சு.

அப்புறம்தான் கவனிச்சேன், தண்ணி நல்லா இறங்கியிருந்துச்சு. நடுவுல இருக்கிற மணல்திட்டு மேல முழங்கால் ஆழம்கூட இருக்காது. பெரிய மோட்டரை வச்சுக்கிட்டு அதைத் தாண்ட முடியாது. ஃபைபர்காரர் வளைஞ்சு, ஆழமான பக்கமா நீளச் சுத்து சுத்திக்கிட்டிருந்தார். நான் திட்டைப் பார்த்து நேரா விட்டேன்.

"முன்னாடி போங்க!"ன்னு வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்தினேன். அவர் தவழ்ந்து போய் மூக்குல உக்காந்தார். பின்பக்கம் இன்னும் கொஞ்சம் எழும்புச்சு. மோட்டரைப் பாதி தூக்கிக்கிட்டு மெதுவா ஓட்டினேன். அடியில மணல் சர்சர்ன்னு உரசுச்சு. தொண்ணூத்தஞ்சு கிலோ பின்னாடி தொங்கியிருந்தா அங்கேயே உக்காந்திருப்போம். உரசல் நின்னதும் மோட்டரை இறக்கி, முழுசா முறுக்கினேன் பாருங்க! ஆமை பறந்துச்சுங்க! நான் வாய்விட்டுக் கத்தினேன், எனக்கு வெட்கமே இல்லை.

அக்கரையில எங்க ரொட்டியை வாங்கி விக்கிற கடைக்கார அக்கா கூடைத் துணியை விலக்கி, ஒரு ரொட்டியை எடுத்துப் பிட்டாங்க. ஆவி பறந்துச்சு. அவங்க கையைச் சுட்டுக்கிட்டு உதறினதைப் பார்த்ததும் எனக்குக் கண்ணீர் பொலபொலன்னு கொட்டிடுச்சு. அக்கா உடனே முதலாளிக்கு போன் போட்டாங்க. "இனிமே இவளையே அனுப்புங்க. வாயில வைக்க முடியலை, அவ்வளவு சூடு!"

அவங்க போனை வைக்கிறதுக்குள்ள எங்க கரையிலருந்து தண்ணி மேல ஒரு சத்தம் வந்துச்சு. "என் தங்கச்சிடா! பதினஞ்சே போதும்னு நான் அப்பவே உக்காந்து பார்த்துச் சொன்னேன்டா!"

அண்ணனேதான், முதலாளி பக்கத்துலயே நின்னிருக்கார். போகட்டும், உக்காந்தது உண்மைதானே.

ஃபைபர்காரர் அப்பதான் வந்து சேர்ந்தார். என் படகோட பின்பக்கத்தைச் சுத்திச் சுத்திப் பார்த்தார். "அக்கா, நெஜமா சொல்லுங்க, இது என்ன மோட்டர்?"

கூடையைத் தூக்கிக்கிட்டு வந்த என் வீட்டுக்காரரைக் காட்டினேன்.

"இவர் எடைதான். உனக்கும் வேணும்னா முதல்ல கல்யாணம் பண்ணிக்கோ."